கணக்குத் தெரிந்த பையன்

என் ஹார்ட்வெயார் கடைக்கு வரும் பயிற்சி முடித்த பையன்கள் நன்றாக அளவெடுப்பார்கள். எத்தனை பெட்டி டைல்ஸ் வேண்டும் என்று கேட்டால் திகைத்து நிற்பார்கள். கூடினாலும் குறைந்தாலும் நஷ்டம் நமக்கே.

அமெரிக்காவில் 2004-2005 கல்வியாண்டில் இதற்கொரு பரிசோதனை நடந்தது. தொழிற்கல்வி ஆசிரியரையும் கணித ஆசிரியரையும் சோடி சேர்த்துப் பயிற்சியளித்தார்கள். புதிதாகக் கணக்கைத் திணிக்கவில்லை. தொழிலுக்குள் இருப்பதையே எடுத்துக் காட்டச் சொன்னார்கள். மூலைமட்டம் பார்க்க மேசன்மார் 3, 4, 5 அடி அளப்பது பைதகரஸ் தேற்றம்தானே! வகுப்பு நேரத்தில் சுமார் 10 வீதமே இதற்குச் செலவானது. முடிவில் மூன்று கணிதப் பரீட்சைகளில் இரண்டில் அம்மாணவர்கள் முந்தினார்கள். தொழிலறிவும் குறையவில்லை.

வர்த்தக நண்பர்களே, பையன்கள் தடுமாறும் கணக்குகளை எழுதி ஊர்ப் பயிற்சி நிலைய ஆசிரியரிடம் கொடுத்துப் பாருங்கள்.