திரையின் இரு பக்கமும் டாக்டர்கள்

வீடியோவில் வைத்தியம் என்றால் ஒரு பக்கம் டாக்டர், மறுபக்கம் நோயாளி என்றுதான் நினைப்போம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் 2003-ல் தொடங்கிய 'எக்கோ' திட்டத்தில் இரு பக்கமும் டாக்டர்களே இருந்தார்கள்.

அதைத் தொடங்கிய சஞ்சீவ் அரோரா அங்கே ஆல்புகர்க்கி நகரில் உள்ள பல்கலைக்கழகத்தில் கல்லீரல் நிபுணராக இருந்தார். ஹெபடைடிஸ் சி நோயாளிகள் அவரைப் பார்க்க எட்டு மாதம் வரை காத்திருந்தார்கள். சிறிய ஊர் டாக்டர்கள் இந்த நோயைத் தொடவே தயங்கினார்கள். தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. அப்போதைய சிகிச்சை, வாரந்தோறும் இன்டர்ஃபெரான் ஊசி, கூடவே ரிபாவிரின் மாத்திரை. பலருக்கு 48 வாரம் நீளும். ரத்தசோகை வரலாம், கடும் மனச்சோர்வும் வரலாம்.

அரோரா வாரம் ஒரு முறை அந்த டாக்டர்களை வீடியோ கான்பரன்ஸில் கூட்டினார். சிறைச்சாலை டாக்டர்களும் சேர்ந்தார்கள். ஒவ்வொருவரும் தன் நோயாளியின் பெயரைச் சொல்லாமல் வயது, ரத்தப் பரிசோதனை முடிவு, தனக்குள்ள சந்தேகம் ஆகியவற்றைச் சொல்வார். நிபுணருடன் மனநல மருத்துவரும் மருந்தாளுநரும் இருந்து ஆலோசனை தருவார்கள். முடிவெடுப்பதும் மருந்து கொடுப்பதும் ஊர் டாக்டரே. கூடவே ஒரு சிறு பாடமும் நடக்கும்.

என் பார்வையில் இதன் உயிர் அந்தப் பாடத்தில் இல்லை, சந்தேகத்தில் இருக்கிறது. ஒருவர் கேட்ட கேள்விக்கான பதில் எல்லார் காதிலும் விழுகிறது. அதே சிக்கலோடு நாளை இன்னொரு ஊரில் ஒரு நோயாளி வரும்போது அந்த டாக்டர் திகைப்பதில்லை. வெறும் சொற்பொழிவை மட்டும் ஒளிபரப்பினால் இது நடக்காது.

பலன் 2011-ல் வெளியான ஆய்வில் தெரிந்தது. 407 நோயாளிகளில், பல்கலைக்கழகத்தில் சிகிச்சை பெற்றவர்களில் 57.5 சதவீதத்தினரும் ஊர் மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் பெற்றவர்களில் 58.2 சதவீதத்தினரும் குணமடைந்தார்கள். யாருக்கு எங்கே சிகிச்சை என்று குலுக்கிப் பிரித்து நடத்திய ஆய்வு அல்ல இது. ஆனாலும் ஊர் டாக்டரின் கை நிபுணரின் கைக்குக் குறைந்ததல்ல என்று காட்டியது. இந்தியாவில் பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் இந்த முறையை மனநலம், போதைப்பழக்கச் சிகிச்சைப் பயிற்சிகளுக்கு எடுத்துக்கொண்டது.

இப்படி ஒரு கூட்டம் நடத்த நினைப்பவர்கள் கேமராவைவிட மைக்கில் கவனம் வைக்க வேண்டும். படம் சற்று உறைந்தால் சமாளிக்கலாம். மருந்தின் அளவைச் சொல்லும் நேரத்தில் குரல் விட்டுப்போனால் ஆபத்து. அதனால் ஆலோசனையை எழுத்திலும் அனுப்பிவிட வேண்டும்.