சிப்பிப்பாறை நாய் வளர்க்கப் போகிறீர்களா?

தோட்டக் காவலுக்குச் சிப்பிப்பாறை நாய் வாங்கலாமா என்று வாசகர்கள் பலர் கேட்கிறார்கள். வாங்கலாம். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போடத்தான் என்றால் வேண்டாம். ஓட்டம் இல்லாவிட்டால் முரட்டுக்குணம் வந்துவிடும்.

விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை ஊரின் பெயரைத் தாங்கிய இந்த இனம், மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி முயல் விரட்டி வந்தது. தூரத்தில் ஏதாவது அசைந்தால் பாய்ந்துவிடும், கூப்பிட்டாலும் திரும்பாது. அதனால் ஆடு, கோழியோடு குட்டியிலிருந்தே பழக்குங்கள். முயல் வேட்டை ஆசையில் வாங்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

காலையும் மாலையும் வேலிக்குள் அரை மணி நேரமாவது ஓட விடுங்கள். தீனி போட்டதும் விடக்கூடாது. நெஞ்சு ஆழமான நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் தெரிவது இதற்கு இயல்பு. மெலிந்துவிட்டதே என்று சோற்றைத் திணித்துக் கொழுக்க வைத்தால் மூட்டு கெடும். கம்பு, கேழ்வரகுக் கூழோடு முட்டையோ இறைச்சியோ சேருங்கள்.

உடலில் கொழுப்பு குறைவு, ரோமமும் குட்டை. மார்கழிப் பனியில் கூரைக்கடியில் சாக்கு விரித்துப் படுக்க விடுங்கள். அறுவை சிகிச்சை என்றால், இன்ன இனம் என்று கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மயக்க மருந்தை அதற்கேற்பக் கொடுப்பார். வெறிநோய்த் தடுப்பூசி 3 மாத வயதில் ஒன்று, பிறகு ஆண்டுதோறும்.