மேலே போக ஒரு விரல் போதும்!

சாலை ஓரத்தில் ஒரு லாரி நிற்கிறது. அதன் முதுகிலிருந்து யானைத் துதிக்கை போல் ஒரு நீண்ட கை எழும்புகிறது. கையின் நுனியில் ஒரு கூடை. கூடைக்குள் ஒரு மனிதர். ஜம்மென்று மேலே போய், தெருவிளக்கைக் கழற்றி மாட்டிவிட்டு, ஜம்மென்று இறங்கிவிடுகிறார். நீங்களும் நின்று வேடிக்கை பார்த்திருப்பீர்கள். "ஏணியும் வேண்டாம், சாரமும் வேண்டாம், ஒரு விரலால் விசையைத் தள்ளினால் போதும். இதை நாமே ஓட்டிவிடலாம் போலிருக்கிறதே!" என்று தோன்றியும் இருக்கும்.

அவசரப்படாதீர்கள்! ஆஸ்திரேலியாவில் லைசென்ஸ் இல்லாமல் அப்படி ஏறி ஓட்டினால், சட்டம் உங்களைப் பிடித்துக்கொள்ளும்.

அந்த நாட்டில், யந்திரத்தின் கை 11 மீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் ஓட்டுகிறவருக்கு அரசாங்க லைசென்ஸ் கட்டாயம். உயரத்தில் அளந்தாலும் சரி, பக்கவாட்டில் நீட்டி அளந்தாலும் சரி, எது அதிகமோ அதுதான் கணக்கு. அபாயம் மிகுந்த வேலைகளுக்கான லைசென்ஸ் வரிசையில் இதற்கு 'டபிள்யூ.பி.' என்று பெயர். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் பயிற்சி பெற வேண்டும். பிறகு பரீட்சை, வாயால் சொன்னால் மட்டும் போதாது, யந்திரத்தை ஓட்டியும் காட்ட வேண்டும். லைசென்ஸ் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். ஒரு மாநிலத்தில் வாங்கியது மற்ற மாநிலங்களிலும் செல்லும்.

கூடையில் நின்று விசையைத் தள்ள இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்கிறீர்களா?

மேலே போவது சுலபம். பத்திரமாக இறங்குவதற்குத்தான் பாடம். முதல் பாடம் தரையிலேயே ஆரம்பமாகிறது. வண்டி நிற்கும் இடம் கெட்டியா, அல்லது தோண்டி மூடிய பள்ளமா? டயரும் எண்ணெய்க் குழாயும் சரியா? தலைக்கு மேல் மின்சாரக் கம்பி ஓடுகிறதா? காற்று எப்படி? வெளியில் ஓட்டும் பல யந்திரங்களுக்கு மணிக்கு 45 கிலோ மீட்டர் காற்றுதான் எல்லை. கையில் அகலமான தகடு ஒன்றைப் பிடித்திருந்தால் அதுவே பாய்மரம் ஆகிவிடும்!

அடுத்தது, உடம்பைச் சுற்றிப் பூட்டும் வார். கூடை உயரத்தில் இருக்கும்போது வண்டியின் சக்கரம் ஒரு சிறு குழியில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே லேசான குலுக்கல்தான். நுனியில் இருக்கும் கூடையோ கவண் மாதிரி விசிறி அடிக்கும். கவணில் வைத்த கல் யார்? கூடையில் நிற்பவர்தான்! இடுப்பளவுக் கம்பி வேலி அவரைத் தடுக்காது. கூடையில் அதற்கென்றே இருக்கும் வளையத்தில் வாரின் கொக்கியை மாட்டியிருந்தால் தப்புவார். பக்கத்துத் தூணில் மாட்டினாலோ, கூடை நகரும்போது வாரே அவரை இழுத்துவிடும்.

மூன்றாவது அபாயம் தலைக்கு மேல் இருக்கிறது. மேலே போகிறவர் உத்தரத்தைக் கவனிக்காமல் விட்டால், அதற்கும் கூடைக்கும் நடுவில் சிக்கிக்கொள்வார். அவர் உடம்பே விசையின் மீது சாயும். யந்திரம் இன்னும் அழுத்தும். கத்தக்கூட முடியாது. அப்போது காப்பாற்றக்கூடியவர் கீழே நிற்பவர் ஒருவர்தான். அடியிலும் ஒரு விசைப் பலகை உண்டு. அதைக் கொண்டு கூடையை இறக்கத் தெரிந்த ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். டீ குடிக்கப் போய்விட்டவரால் என்ன பிரயோசனம்?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கத்தரிக்கோல் மாதிரி மடிந்து விரிந்து நேராக எழும்பும் மேடைகள் இருக்கின்றன அல்லவா? அவை எத்தனை உயரம் போனாலும் இந்த லைசென்ஸ் தேவையில்லை. 11 மீட்டருக்குக் குறைந்த கை உள்ளவற்றுக்கும் தேவையில்லை. அதற்காகப் பயிற்சி வேண்டாம் என்று அர்த்தமில்லை. வேலைக்கு வைத்தவர் பயிற்சி கொடுத்தே ஆக வேண்டும். இதற்காக அத்தொழிலினரின் சங்கமே ஒரு பயிற்சி ஏற்படுத்தி, 'மஞ்சள் அட்டை' தருகிறது.

சட்டம் எங்கேயாவது ஒரு கோடு கிழித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் பூமிக்கு அந்தக் கோடு தெரியாது. "நீ 10 மீட்டரிலிருந்துதானே விழுந்தாய்" என்று அது யாருக்கும் சலுகை காட்டுவதில்லை.

ஆகவே, உங்கள் வீட்டுப் பிள்ளையோ தம்பியோ இப்படி ஒரு வேலைக்குப் போய், "லைசென்ஸ் வாங்கிவிட்டேன்" என்று போட்டோ அனுப்பினால் சந்தோஷப்படுங்கள். பாயசம்கூட வையுங்கள். ஆனால் தினமும் அவன் வேலைக்குக் கிளம்புமுன் இரண்டே கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்:

"கொக்கியை மாட்டுவாயா? கீழே யார் நிற்கப் போகிறார்கள்?"

லைசென்ஸ் சட்டைப் பையில் இருக்கும். அவனைச் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டில் கொண்டுவந்து சேர்ப்பது அந்த இரண்டு கேள்விகளுக்கு அவன் சொல்லும் பதில்தான்.