பூவா, தலையா? எண்ணிப் பார்க்கக் கற்பிப்போம்

“ஐந்து முறையும் பூவே விழுந்துவிட்டது, அடுத்த முறை தலைதான்!”

நாணயத்தைச் சுண்டி விளையாடும் சிறுவன் இவ்வாறு அடித்துச் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். சிறுவன் மட்டுமா? பெரியவர்களாகிய நாமும் அவ்வாறே எண்ணுகிறோம். ஆனால் நாணயத்திற்கு நினைவாற்றல் கிடையாது. ஆறாவது முறையும் பூ விழுவதற்கும் தலை விழுவதற்கும் சம வாய்ப்பே உண்டு.

நடுநிலை வகுப்புகளில் பயிலும் பிள்ளைகள் புள்ளிவிவரங்களைத் தொகுக்கவும், நிகழ்தகவின் அரிச்சுவடியை அறியவும் தொடங்குகின்றனர். இப்பாடத்தைச் சூத்திரமும் விடையுமாக முடித்துவிட்டால் மதிப்பெண் கிட்டும், தெளிவு கிட்டுமா?

அறிஞரும் தவறினர்

இறைப்பற்று மிக்க சிந்தனையாளர் பாஸ்கால், 1654-ஆம் ஆண்டில் ஃபெர்மா என்னும் கணித மேதையுடன் கடிதங்கள் பரிமாறிக்கொண்டார். இடையில் நின்றுபோன ஆட்டத்தின் பந்தயப் பணத்தை எவ்வாறு பங்கிடுவது என்பதே கேள்வி. நிகழ்தகவுக் கணிதம் அக்கடிதங்களில் வேரூன்றியது.

ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1754-இல், தலாம்பேர் என்ற பிரெஞ்சுப் பேரறிஞர், நாணயத்தை இருமுறை சுண்டினால் ஒருமுறையேனும் தலை விழும் வாய்ப்பு மூன்றில் இரண்டு என்று எழுதினார். அது பிழை. தலை-தலை, தலை-பூ, பூ-தலை, பூ-பூ என நான்கு வழிகள் உள்ளன. அவற்றுள் மூன்றில் தலை உண்டு. எனவே வாய்ப்பு நான்கில் மூன்று. பேரறிஞரே இடறிய இடத்தில் நம் பிள்ளை இடறினால் கடிந்துகொள்ளலாகாது. “எல்லா வழிகளையும் எழுதிப் பார்” என்று சொல்வதே நன்று.

சிறையிலே ஒரு சோதனை

இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் காவலில் வைக்கப்பட்ட ஜான் கெரிச் என்ற கணித ஆசிரியர், பொழுதைப் பயனுற ஆக்க நாணயத்தை 10,000 முறை சுண்டிக் குறித்து வைத்தார். முதல் 100-இல் தலை விழுந்தவை 44, முதல் 1,000-இல் 502, 10,000-இல் 5,067.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பாதியைக் காட்டிலும் 67 அதிகமாகவே தலை விழுந்தது. நாணயம் எந்தக் கணக்கையும் “நேர்” செய்யவில்லை. ஆயினும் நூற்றுக்கு 44 என்றிருந்த விகிதம், நூற்றுக்கு 50.67 ஆகிப் பாதியை நெருங்கியது. எண்ணிக்கை பெருகப் பெருக விகிதம் நிலைபெறும் என்பதே பாடம்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரு பகடைகளை நூறு முறை உருட்டிக் கூட்டுத்தொகையைக் குறிக்கச் சொல்லுங்கள். நான்கு கோடுகள் நிறுத்தி, ஐந்தாவதைக் குறுக்கே இட்டால் எண்ணுவது எளிது. 2 முதல் 12 வரை எல்லாத் தொகையும் சமமாக வரும் என்றே பிள்ளைகள் எண்ணுவர். வழிகளோ மொத்தம் 36. அவற்றுள் 7 வர ஆறு வழிகள், 2 வர ஒரே வழி. அடுத்து, ஒருபுறம் தேய்த்த புளியங்கொட்டையை எறியச் சொல்லுங்கள். வெள்ளை விழும் வாய்ப்பு பாதிதானா? சிந்தித்து மட்டும் சொல்ல இயலாது. எறிந்து, எண்ணியே காணவேண்டும்.

சராசரி மறைப்பது என்ன?

ஒரு தெருவில் பத்துக் குடும்பங்கள். ஒன்பதின் மாத வருவாய் 10,000 ரூபாய். ஒன்றின் வருவாய் 1,10,000 ரூபாய் என்று கொள்வோம். சராசரி 20,000 ரூபாய்! அத்தொகையைப் பெறும் குடும்பமோ ஒன்றுகூட இல்லை. வரிசைப்படுத்தி நடுவில் காணும் இடைநிலையும், மிகுதியாக வரும் முகடும் 10,000 என்றே காட்டும். சராசரியை மட்டும் கண்டு திட்டமிடுவோர் ஒன்பது ஏழைகளை மறந்துவிடுவர். எண்களுக்குப் பின்னே மனிதர் உள்ளனர் என்பதைக் கணக்குப் பாடமே கற்பிக்கிறது.

படங்களும் அவ்வாறே. கிரிமியப் போரில் காயங்களைவிட நோய்களே மிகுதியான வீரர்களைக் கொன்றன என்பதை ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1858-இல் வரைபடத்தால் உணர்த்தினார். படம் உண்மையும் உரைக்கும், ஏமாற்றவும் செய்யும். 48, 50 என்னும் மதிப்பெண்களைக் காட்டும் பட்டைகளைச் சுழியத்திற்குப் பதில் 47-இல் தொடங்கினால், ஒன்று மற்றதைப்போல் மும்மடங்கு உயர்ந்து தோன்றும். செய்தித்தாளில் பட்டை வரைபடம் கண்டால், “எங்கே தொடங்குகிறது?” என்று பிள்ளைகளைக் கேட்கச் செய்வோம்.

இல்லத்தைக் காக்கும் கணக்கு

ஒரு லட்சம் பரிசுச்சீட்டுகள் விற்று, ஒன்றுக்கு மட்டும் முதற்பரிசு தருவதாகக் கொள்வோம். குலுக்கல் நாள்தோறும் நடக்க, நாளும் ஒரு சீட்டு வாங்குபவர் அப்பரிசை அடையச் சராசரியாக 270 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்! இதைத் தன் கையால் கணக்கிட்ட மாணவி, “அடுத்த முறை நமக்குத்தான்” என்னும் சொல்லுக்கு எளிதில் மயங்கமாட்டாள்.

தமிழகத்தில் பரிசுச்சீட்டு விற்பனை 2003-இல் தடை செய்யப்பட்டது. பின்னர்ச் சூதாட்டம் கைப்பேசி வழியே இல்லத்தினுள் நுழைந்து, எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பைக் கரைத்தது. சட்டம் கடையை மூடலாம். மனத்திலுள்ள மயக்கத்தை அறிவே அகற்றவேண்டும்.

ஆகவே பெற்றோரே, இன்று மாலை உங்கள் பிள்ளையுடன் அமர்ந்து ஒரு நாணயத்தை நூறு முறை சுண்டுங்கள். முதலில் ஊகியுங்கள், பிறகு எண்ணுங்கள், ஊகம் தவறினால் ஒப்புக்கொள்ளுங்கள். உண்மைக்கு முன் தலைவணங்கும் அப்பண்பே இப்பாடத்தின் பெரும்பயன்.