பந்தைப் பார்க்க விடுங்கள்

சிறுவர் பேஸ்பாலில் பந்தை எறியும் பிட்சர் நிற்கும் இடத்துக்கும் அதை அடிக்கும் பேட்டர் நிற்கும் இடத்துக்கும் இடையே உள்ள தூரம் 46 அடி, அதாவது 14 மீட்டர். பன்னிரண்டு வயதுப் பையன் மணிக்கு 60 மைல் வேகத்தில் எறிந்தால் பந்து ஏறக்குறைய அரை வினாடியில் வந்துவிடும். பந்து எங்கே வருகிறது, அடிப்பதா விடுவதா, முகத்துக்கு நேராக வந்தால் எந்தப் பக்கம் விலகுவது என்பதையெல்லாம் எதிரே நிற்கும் பிள்ளை அந்த அரை வினாடிக்குள் முடிவு செய்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்து எதிரணியில் ஒருவன் 'அடி!' என்று அலறினால் போவது அடிக்கும் வாய்ப்பு மட்டும் அல்ல. பிள்ளையின் பாதுகாப்பும் போகலாம். கவனத்தைக் கலைக்கும் தந்திரங்களைச் சிறுவர் பேஸ்பால் கண்டிப்போடு பார்ப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

அமெரிக்காவில் சிறுவர் பேஸ்பால் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது லிட்டில் லீக். பென்சில்வேனியா மாநிலத்தின் வில்லியம்ஸ்போர்ட் ஊரில் 1939இல் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் தொடங்கிய அமைப்பு அது. அதன் உலகத் தொடர் 1947 முதல் நடந்துவருகிறது. தொழில்முறை ஆட்டத்தின் விதிகளையே அடிப்படையாக எடுத்துக்கொண்டு, பிள்ளைகளின் வயதுக்கும் உடலுக்கும் ஏற்ப அவற்றை லிட்டில் லீக் மாற்றி வைத்திருக்கிறது.

ஏமாற்றுவதே தவறு என்று எந்த விதியும் சொல்வதில்லை. வேகப்பந்து வரும் என்று நினைக்க வைத்து மெதுவான பந்தை எறிவது பிட்சரின் கலை. பேட்டருக்கு வெளிப்பக்கம் கையுறையைத் தட்டி ஓசை எழுப்பிவிட்டு, சத்தமில்லாமல் உள்பக்கம் நகர்ந்து உட்காருவது, பேட்டருக்குப் பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சரின் சாமர்த்தியம். பந்தைக் கையுறைக்குள் மறைத்து வைத்திருந்து, பாதுகாப்பாக நிற்கும் இடமான பேஸை விட்டு அசட்டையாக விலகும் ஓட்டக்காரரைத் தொட்டு அவுட் ஆக்குவதும் செல்லும். பிட்சர் மட்டும் கையில் பந்து இல்லாமல் எறியும் பலகையில் போய் நிற்கக் கூடாது. இவை எல்லாம் கண்ணையும் கவனத்தையும் கூர்மையாக வைத்திருப்பவருக்குப் பரிசளிக்கும் தந்திரங்கள். எதிராளியைப் பந்தைப் பார்க்கவே விடாமல் செய்வது வேறு வகை. அதில் திறமைக்கு வேலையே இல்லை.

இந்த இரண்டாவது வகைக்குப் பேஸ்பால் வரலாற்றில் பேர்போன உதாரணம் எடி ஸ்டாங்கி. நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் இரண்டாம் பேஸ் வீரரான இவர், 1950 ஆகஸ்டில் ஃபிலடெல்ஃபியா அணிக்கு எதிரான ஆட்டத்தில், பிட்சருக்குப் பின்னால் பேட்டரின் பார்வைக்கு நேராக வந்து நின்று கைகளை வீசி ஆட்டினார். நடுவர் அவரைக் களத்தை விட்டு வெளியேற்றினார். பேட்டரின் பார்வைக் கோட்டில் நின்றுகொண்டு, வேண்டுமென்றே கவனத்தைக் கலைக்கும்படி எந்த ஃபீல்டரும் நடந்துகொள்ளக் கூடாது என்று விதிநூல் இன்று திட்டவட்டமாகச் சொல்கிறது. லிட்டில் லீக் விதியிலும் அதே தடை உண்டு. கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. பேட்டரை வேண்டுமென்றே திசைதிருப்பினாலோ, பந்து கையில் இருப்பதுபோல் பாவனை காட்டினாலோ ஐந்து ரன் அபராதம் என்று கிரிக்கெட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு கூறுகிறது.

கையை ஆட்டுவதைவிட அதிகம் நடப்பது வாயால் செய்யும் தொந்தரவு. 'ஹே பேட்டர், பேட்டர்... ஸ்விங்!' என்று ராகம் போட்டு இழுப்பது அமெரிக்கத் திடல்களில் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட கூச்சல். இன்று பல சிறுவர் லீகுகள் இதை அனுமதிப்பதில்லை. சத்தமே கூடாது என்பதல்ல இதன் பொருள். தன் அணியின் பேட்டரை உற்சாகப்படுத்திப் பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தலாம், கத்தவும் வேண்டும். நடுவர் கவனிப்பது இரண்டே விஷயம்தான். சத்தம் யாரை நோக்கிப் போகிறது? எப்போது எழுகிறது? பிட்சர் கையை உயர்த்தும்வரை அமைதியாக இருந்துவிட்டு, பந்து கையை விட்டுப் புறப்படும் நொடியில் மட்டும் வீரர்கள் அமரும் டக்-அவுட்டிலிருந்து ஓலம் கிளம்பினால் அதற்கு உற்சாகம் என்று பெயர் இல்லை.

தொழில்முறை ஆட்டத்துக்கும் பள்ளி ஆட்டத்துக்கும் உள்ள இடைவெளியை ஒரே ஒரு கூச்சல் காட்டிக்கொடுத்தது. 2007 மே 30 அன்று டொராண்டோவில், உயரே எழும்பிய பந்தைப் பிடிக்க டொராண்டோ அணியின் மூன்றாம் பேஸ் வீரர் காத்து நின்றார். அவருக்குப் பின்னால் ஓடிய நியூயார்க் யாங்கீஸ் அணியின் அலெக்ஸ் ரோட்ரிகஸ் குரல் கொடுத்தார். தன் அணி வீரர்தான் கூப்பிடுகிறார் என்று எண்ணி மூன்றாம் பேஸ் வீரர் விலக, பந்து தரையில் விழுந்தது. நடுவர்கள் தண்டனை எதுவும் தரவில்லை. யாங்கீஸ் 10-5 என்று வென்றது. டொராண்டோ அணியினர் கொதித்துப் போனார்கள். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஆட்டத்தில் இதே செயலுக்கு ஓடியவர் அவுட். ஃபீல்டரைச் சொல்லால் குழப்புவதும் உடலால் இடிப்பதும் பள்ளி விதிப்புத்தகத்தில் ஒன்றுதான். பள்ளி விதிதான் சரி. வளர்ந்தவர் ஏமாந்தால் பாடம் கற்பார். பிள்ளை ஏமாந்தால், அடுத்த முறை தன் நண்பனின் குரலையே நம்பத் தயங்குவான். உயரப் பந்தைப் பிடிக்க ஓடும் இருவர் ஒருவர் குரலை ஒருவர் நம்பவில்லை என்றால் முட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

போலித் தொடுகை இன்னும் அபாயமானது. கையில் பந்தே இல்லாத ஃபீல்டர், பந்து வந்துவிட்டதுபோல் குனிந்து கையுறையை நீட்டுகிறார். ஓடிவரும் பிள்ளை பதறி, கடைசி நொடியில் சறுக்குகிறது. சறுக்கத் தாமதித்த கால் பேஸில் மாட்டினால் கணுக்கால் முறியும். அதனால் பள்ளி விதி இதை இடையூறாகக் கருதி ஓடியவருக்கு அடுத்த பேஸைக் கொடுத்துவிடுகிறது. 'டைம்!' என்று கத்திப் பிட்சரைத் தடுமாற வைப்பதும் குற்றமே. ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் நடுவருக்கு மட்டும் உண்டு. லிட்டில் லீகில் இப்படித் தூண்டப்பட்டுப் பிட்சர் விதிமீறி எறிந்திருந்தால் அந்த எறி கணக்கில் வராது. எந்தப் பந்தை எறிவது என்று எதிரணிக் கேட்சர் பிட்சருக்குக் காட்டும் சைகையைத் திருடிப் பேட்டருக்குச் சொல்வதையும் லிட்டில் லீக் விளையாட்டுப் பண்புக்கு மாறானது என்கிறது. அங்கே வீரரோடு அணி மேலாளரையும் நடுவர் வெளியேற்றலாம்.

இவ்வளவு விதி இருந்தும் தீர்ப்பு கடைசியில் நடுவரின் கண்ணையும் மனதையும்தான் நம்பியிருக்கிறது. வேண்டுமென்றே செய்ததா என்பதை எந்த அளவுகோலும் அளந்து சொல்லாது. அனுபவமுள்ள நடுவர் பொதுவாக அந்தப் பந்தின் ஆட்டத்தை முடியவிட்டு, பிறகு பேசுவார். பேட்டரைத் திசைதிருப்பும் செயலுக்கு முதலில் எச்சரிக்கலாம். தொடர்ந்தால் வெளியேற்றலாம் என்று லிட்டில் லீக் விதி இடம் தருகிறது. வெளியேற்றப்பட்டவர் அணியின் அடுத்த ஆட்டத்திலும் பங்கேற்க முடியாது.

அந்த எச்சரிக்கை யார் காதில் விழ வேண்டும் என்பதில்தான் நடுவரின் பக்குவம் தெரியும். பத்து வயதுப் பையன் போலித் தொடுகையைத் தானாகக் கண்டுபிடிப்பது அபூர்வம். யாரோ ஒரு பெரியவர் சொல்லிக்கொடுத்திருப்பார், அல்லது பார்த்தும் பேசாமல் இருந்திருப்பார். அதனால் இன்னிங்ஸ் இடைவேளையில் கோச்சிடம் போய், தாழ்ந்த குரலில், 'இனி வேண்டாம்' என்று சொல்வதே முறை. எல்லோர் முன்னாலும் பிள்ளையை அதட்டினால் அவன் அழுவான். தந்திரம் சொல்லிக்கொடுத்தவர் தப்பித்துக்கொள்வார்.

பெரியவர்கள் ஒதுங்கி நின்றால் பிள்ளைகள் எப்படி ஆடுவார்கள் என்பதை 2022 ஆகஸ்டில் டெக்சாஸின் வேகோ நகரம் பார்த்தது. லிட்டில் லீக் உலகத் தொடருக்கான வட்டார இறுதி ஆட்டம் அது. டெக்சாஸ் பிட்சர் எறிந்த பந்து ஓக்லஹோமா பேட்டரின் தலைக்கவசத்தில் மோதியது. பையன் சுருண்டு விழுந்தான். எழுந்து முதல் பேஸுக்குப் போனவன், பிட்சர் கலங்கி நிற்பதைக் கண்டதும் அவனிடம் நடந்து போய்க் கட்டிக்கொண்டான். எந்த விதியும் அதைச் செய்யச் சொல்லவில்லை.

பெரியவர்கள் ஒதுங்கி நிற்காத இடங்களும் உண்டு. நியூ ஜெர்சியின் டெப்ட்ஃபோர்டில் பெற்றோரின் வசவு தாங்காமல் நடுவர்கள் விலகத் தொடங்கினார்கள். 2023இல் அங்குள்ள லிட்டில் லீக் புதிய விதி ஒன்றைக் கொண்டுவந்தது: நடுவரைத் திட்டும் பார்வையாளர் வெளியே போக வேண்டும், மூன்று ஆட்டங்களுக்கு அவரே நடுவராக நின்ற பிறகுதான் மறுபடி உள்ளே வர முடியும்.