நைந்துபோன பட்டுப்புடவை: எடைக்குப் போடும் முன் ஒரு நட்சத்திரக் கணக்கு

'பழைய பட்டுப்புடவை வாங்கப்படும்' என்ற போர்டு காஞ்சிபுரத்தில் மட்டுமில்லை, தமிழ்நாட்டில் எந்த ஊர் பஜாரிலும் கண்ணில் படும். வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் வீட்டுப் பீரோக்களும் திறக்கும். அம்மாவின் முகூர்த்தப் புடவை, பாட்டியின் அரக்கு பார்டர் என எதை எடுத்துப் பிரித்தாலும் மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருக்கும். கட்டவும் முடியாது, தூக்கிப் போடவும் மனசு வராது. கடைசியில் எடை மெஷினுக்குப் போகும்.

அந்தக் கடைக்காரர் விலை போடுவது எதற்கு? சரிகைக்கு. அசல் சரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழையைச் சுற்றி, அதற்கு மேல் தங்க முலாம் பூசியது. அதில் தங்கம் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. பணம் முழுக்க வெள்ளியில்தான். துணியை எரித்து, சாம்பலிலிருந்து அந்த வெள்ளியைப் பிரித்தெடுக்கிறார்கள்.

வெள்ளி இருப்பது பார்டரிலும் முந்தியிலும்தான். புட்டா போட்ட புடவை என்றால் உடலிலும் கொஞ்சம் இருக்கும். மற்றபடி ஐந்தரை மீட்டர் புடவையின் உடல் முழுக்க வெறும் பட்டு. எரிக்கும்போது அது சும்மா புகையாகப் போகிறது, அதற்கு உங்களுக்கு ஒரு பைசா வராது. அப்படியிருக்க, முழுப் புடவையையும் ஏன் கொடுக்கணும்? சரிகையை விற்பதா வேண்டாமா என்பது தனி முடிவு. உடல் பகுதியை வைத்து என்ன செய்யலாம் என்பது வேறு முடிவு. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

பட்டை பட்டையாக வெட்டினால் என்ன லாபம்?

துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைப்பதை ஆங்கிலத்தில் 'குவில்டிங்' என்கிறார்கள். நம்ம ஊர் வெயிலுக்கு இப்படி ஒரு கனமான போர்வை தேவைப்படவில்லை. பாய், ஜமுக்காளம், குழந்தைக்கு அம்மாவின் பழைய நூல் சேலையில் தூளி, அத்தோடு முடிந்தது. ஆனால் இந்தியாவின் மற்ற பக்கங்களில் இது பழைய கலை. வங்காளத்தில் காந்தா, மகாராஷ்டிராவில் கோதடி, சிந்து - குஜராத் பக்கம் ரல்லி. கர்நாடகாவின் உத்தர கன்னடத்தில் சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் 'கவந்தி' இன்னும் சுவாரசியம். அவர்கள் ஓரத்தில் தொடங்கி சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போவார்கள். நான்கு மூலையிலும் 'பூலா' என்று மடித்த துண்டுகளை வைத்தால்தான் அவர்கள் கணக்கில் போர்வை முழுமை ஆகும். சென்னையும் இதில் சேர்ந்துகொண்டது. 2019 ஜனவரியில் 'இந்தியா குவில்ட் ஃபெஸ்டிவல்' இங்கேதான் நடந்தது.

அமெரிக்கத் துணிக்கடைகளில் 'ஜெல்லி ரோல்' என்று ஒன்று கிடைக்கும். மோடா என்ற கம்பெனி பிரபலமாக்கிய பெயர் அது. இரண்டரை அங்குல அகலத்தில், துணியின் முழு அகலமான சுமார் 44 அங்குல நீளத்துக்கு, 40 பட்டைகளுக்கு மேல் வெட்டிச் சுருட்டிக் கேக் மாதிரி கட்டி விற்பார்கள். வாங்குகிறவருக்கு வெட்டும் வேலை மிச்சம்.

நமக்குத் தேவை அந்தச் சுருள் அல்ல, அந்த அளவு. பட்டுப்புடவை சாதாரணமாகக் கிழிவது மடிப்புக் கோட்டில்தான். வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் வைத்தால் அந்த இடத்தில் இழை முறிந்துவிடும். இரண்டு மடிப்புக்கு நடுவில் இருக்கும் துணி பெரும்பாலும் நல்லாவே இருக்கும். இரண்டரை அங்குலம் என்பது, கிழிசலைத் தவிர்த்துவிட்டு நல்ல இடத்தை மட்டும் எடுக்க வசதியான அளவு.

கோர்வை தெரிந்த ஊருக்கு இது புதுசா?

ஏனாத்தூர் பல்கலைக்கழகப் பக்கம் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர்களுக்கும் சரி, பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்தோடு வளர்ந்தவர்களுக்கும் சரி, 'கோர்வை' என்ற சொல் புதிதல்ல. புடவையின் உடல் ஒரு நிறம், பார்டர் வேறு நிறம். இரண்டுக்கும் தனித்தனி நாடா. மொத்தம் மூன்று நாடா ஓடும். ஒவ்வொரு ஊடையிலும் உடல் நூலும் பார்டர் நூலும் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். தறியில் இரண்டாவது ஆள் துணைக்கு உட்கார வேண்டிய வேலை இது. அதனால்தான் அசல் கோர்வைப் புடவை விலை கூடுதல், நெய்கிறவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

கோர்வை தறியிலேயே நடக்கிற இணைப்பு. குவில்டிங்கில் அதே வேலையைத் தையல் மெஷின் செய்கிறது. இரண்டிலும் இணைப்பு நேராக வந்தால்தான் மதிப்பு. தேரில் தொங்கும் தொம்பையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஒரு துணியின் மேல் இன்னொரு துணியை வெட்டி ஒட்டித் தைப்பது. இங்கே நாம் பார்ப்பது ஓரத்தோடு ஓரம் சேர்ப்பது.

ஒரு நட்சத்திரத்துக்கு எவ்வளவு துணி?

எட்டு முனை நட்சத்திரங்களில் பழகுவதற்கு எளிது 'சாடூத் ஸ்டார்' எனப்படும் ரம்பப்பல் நட்சத்திரம். புள்ளிக் கோலம் போடுகிறவர்களுக்கு இது உடனே பிடிபடும். முதலில் கட்டம், அப்புறம்தான் வடிவம். நாலுக்கு நாலு என 16 கட்டம். ஒவ்வொரு கட்டமும் தைத்து முடித்தபின் இரண்டு அங்குலம். ஆக மொத்தம் 8 அங்குலச் சதுரம். வெட்டும்போது இரண்டு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் சேர்த்தால் இரண்டரை. நம்ம பட்டையின் அகலமும் அதேதான்.

இரண்டு நிறம் எடுத்துக்கொள்ளுங்க. பின்னணிக்கு ஒன்று, நட்சத்திரத்துக்கு ஒன்று. மயில் கழுத்து நீலத்தில் மஞ்சள் நட்சத்திரம் என்று வைத்துக்கொள்வோம்.

நீலப் பட்டையில் நாலரை அங்குல நீளத்தில் 4 செவ்வகம், இரண்டரை அங்குலத்தில் 4 சதுரம். இதற்கு 28 அங்குலம் பிடிக்கும். மஞ்சளில் இரண்டரை அங்குலச் சதுரம் 12. அதில் எட்டு முனைகளுக்கு, நாலு நடுவுக்கு. இதற்கு 30 அங்குலம். அதாவது 44 அங்குலப் பட்டை நிறத்துக்கு ஒன்று இருந்தால் ஒரு நட்சத்திரம் முடிந்து, மிச்சமும் இருக்கும்.

16 அங்குலக் குஷன் உறைக்கு 4 நட்சத்திரம். மடியில் போட்டுக்கொள்ளும் 40-க்கு 48 அங்குலப் போர்வைக்கு 30. முதல் முயற்சிக்குக் குஷனே போதும். முப்பதில் தொடங்கி மூன்றோடு நிறுத்தி, மூட்டையாகக் கட்டிப் பரண் மேல் போட்டவர்கள்தான் அதிகம்.

வெட்டுவதற்கு முன்பு

யூடியூபில் இருக்கும் பெரும்பாலான வீடியோக்கள் பருத்தித் துணிக்குச் சொல்லப்பட்டவை. அதை அப்படியே பட்டில் செய்தால் வழுக்கும், ஓரம் பிரியும், சதுரம் சாய்சதுரம் ஆகும்.

முதலில் சாயம். வெள்ளைப் பருத்தித் துணியை ஈரமாக்கி, புடவையின் ஒரு ஓரத்தில் வைத்து அழுத்திப் பாருங்க. நிறம் ஒட்டினால் அந்தத் துணியை வெளிர் நிறத்தோடு சேர்க்க வேண்டாம். (சாயம் போவதையே பெருமையாக விற்ற கதையும் நம்ம ஊருக்கு உண்டு. 1950-களின் கடைசியில் அமெரிக்காவுக்குப் போன மெட்ராஸ் செக் துணி முதல் சலவையிலேயே சாயம் விட, வாங்கியவர்கள் கொதித்துப் போனார்கள். கடைசியில் 'சாயம் போவதற்கு உத்தரவாதம்' என்றே விளம்பரம் செய்து விற்றார்கள். குஷன் உறையில் அந்தத் தந்திரம் எடுபடாது.)

அடுத்து ஃப்யூசிங். சட்டைக் காலருக்குள் வைத்து அயர்ன் செய்து ஒட்டுகிறார்களே, அந்தப் பசைத்துணி. அதிலேயே மெல்லிய ரகம் கேட்டு வாங்குங்க. பட்டைகளாக வெட்டும் முன்பே புடவைத் துண்டின் பின்பக்கம் ஒட்டிவிட வேண்டும். அயர்ன் சூடு குறைவாக இருக்கணும், நடுவில் ஒரு நூல் துணி போட்டுக்கணும். ஒரு மூலையில் சோதித்துவிட்டு மொத்தத்துக்கும் போங்க. இதைச் செய்துவிட்டால் பட்டு கிட்டத்தட்டப் பருத்தி மாதிரி அடங்கி நிற்கும். இந்த ஒரு படியைத் தவிர்க்கிறவர்கள்தான் 'பட்டுல வராதுப்பா' என்று விட்டுவிடுகிறார்கள்.

வெட்டும் திசையும் முக்கியம். புடவையின் நீளவாக்கில் ஓடுவது பாவு. அந்தத் திசையில் துணி குறைவாக இழுபடும். அதனால் கிழிசல் உள்ள இடங்களில் முதலில் குறுக்கே வெட்டித் துண்டுகளாக்கிக்கொண்டு, ஒவ்வொரு துண்டிலும் பட்டையை நீளவாக்கில் எடுங்க. கத்தரிக்கோலைவிட உருளும் பிளேடு உள்ள ரோட்டரி கட்டரும் ஸ்கேலும் நேராக வரும். இல்லையென்றால் சாக்பீஸ் கோடும் பொறுமையும்.

மெஷினில் 11-ஆம் நம்பர் ஊசி போடுங்க. தடித்த ஊசி பட்டில் ஓட்டை விட்டுப் போகும். தையல் கொஞ்சம் நெருக்கமாக, சுமார் 2 மில்லிமீட்டரில் இருக்கட்டும்.

அந்தக் கால் அங்குலம்

எல்லாம் சரியாக வெட்டியும் நட்சத்திரம் கோணலாக வந்தால், காரணம் தையல் விடும் அளவுதான். பிளவுஸ் தைக்கும்போது ஒரு நூல் அங்கே இங்கே போனால் உடம்பு சரிசெய்துகொள்ளும். இங்கே அப்படி நடக்காது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கால் அங்குலத்துக்குப் பதில் ஒவ்வொரு ஓரத்திலும் 1/16 அங்குலம் கூடுதலாகத் தைக்கிறீங்க என்று வைத்துக்கொள்வோம். ஒரு தையலில் இரண்டு ஓரம், ஆக 1/8 அங்குலம் போச்சு. நட்சத்திரத்தின் மேல் வரிசையில் இரண்டு தையல், கால் அங்குலம் குறையும். நடு வரிசையில் மூன்று தையல், 3/8 குறையும். இரண்டு வரிசையும் ஒரே நீளம் இல்லை. இப்போது அவற்றைச் சேர்த்தால் மூலைகள் எப்படிப் பொருந்தும்? இழுத்துப் பிடித்துத் தைத்தால் நடுவில் சுருங்கும்.

சோதனை எளிது. மூன்று பட்டைத் துண்டுகளைப் பக்கம் பக்கமாகத் தைத்து அயர்ன் செய்து அளந்து பாருங்க. மொத்த அகலம் ஆறரை, நடுப்பட்டை சரியாக இரண்டு அங்குலம் இருக்கணும். குறைந்தால் ஊசியைக் கால் அங்குலத்துக்கு ஒரு நூல் உள்ளே தள்ளி ஓட்டுங்க. தையலை மடிக்கும்போது அந்த மடிப்பே ஒரு நூல் அளவைச் சாப்பிடும் என்பதுதான் காரணம். சரியாக வந்ததும் மெஷின் தட்டில் அந்த இடத்தில் ஒரு டேப் ஒட்டிவிட்டால் அப்புறம் யோசிக்க வேண்டாம்.

தைக்கும் வரிசை

முனைகள்தான் முதல் வேலை. நீலச் செவ்வகத்தின் ஒரு ஓரத்தில் மஞ்சள் சதுரத்தை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்து, மூலைக்கு மூலை குறுக்கே ஒரு கோடு போட்டு அதன் மேல் தையுங்க. தையலிலிருந்து கால் அங்குலம் விட்டு வெளிப்பக்க மூலையை வெட்டிவிட்டு, மஞ்சளைத் திருப்பி அயர்ன் செய்தால் செவ்வகத்தில் ஒரு முக்கோணம் வந்துவிடும். மறு ஓரத்திலும் இதேதான், கோடு மட்டும் எதிர்த்திசையில். நடுவில் நீலம் கூம்பாகவும், இரு பக்கமும் மஞ்சள் முக்கோணமாகவும் நிற்கும். பறக்கும் வாத்துக் கூட்டம் மாதிரி இருக்கிறது என்று இதற்கு 'ஃப்ளையிங் கீஸ்' என்று பெயர். இப்படி நாலு வேண்டும்.

கூம்பின் உச்சி துணியின் விளிம்பைத் தொடாமல் கால் அங்குலம் உள்ளே நிற்கும். தப்பாகத் தைத்துவிட்டோமோ என்று அதை வெட்டிச் சரிசெய்யாதீங்க. அந்தக் கால் அங்குலம் அடுத்த தையலுக்கு. வெட்டினால் முனை மழுங்கிவிடும்.

நடுவுக்கு நாலு மஞ்சள் சதுரத்தைச் சேர்த்து நாலரை அங்குலச் சதுரம் ஆக்குங்க. இங்கே ஒரே நிறம்தான் வேணும் என்றில்லை. புட்டா உள்ள இடம் கிடைத்தால் நடுவில் வையுங்க. முனைகளில் மட்டும் சரிகை வேண்டாம், பல மடிப்பு சேரும் இடத்தில் ஊசி உடையும்.

இனி மூன்று வரிசை. மேலே நீலச் சதுரம், வாத்து, நீலச் சதுரம். நடுவில் வாத்து, மையம், வாத்து. கீழே மேல் வரிசை மாதிரியே. எல்லா வாத்திலும் நீலத்தின் அகலமான பக்கம் வெளியே பார்க்கணும். வரிசைகளைச் சேர்த்து அளந்தால் எட்டரை அங்குலம் வரும்.

மேல்துணி தயாரானதும் உள்ளே பாலியஸ்டர் பஞ்சு வைக்கத்தான் எல்லா வீடியோவும் சொல்லும். காஞ்சிபுரத்துச் சித்திரை வெயிலில் அது தண்டனை. பதிலாக, மெத்தென்று பழசான நூல் சேலை இரண்டு மடிப்பு போதும். வங்காளத்துக் காந்தாவில் பஞ்சே கிடையாது, பழைய சேலை மேல் சேலைதான். அடியில் ஒரு பருத்தித் துணி வைத்து, மூன்றையும் கையால் ஓட்டுத்தையல் போட்டுப் பிடித்தால் வேலை முடிந்தது.

எதை வெட்டக் கூடாது?

கிழிசல் இல்லாத பழைய கோர்வைப் புடவையைத் தொடாதீங்க. கட்டாவிட்டாலும் அது ஒரு மாதிரிப் புத்தகம். ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்ராவின் நெசவுக்கூடம் பழைய காஞ்சிப் பாணிகளுக்கு மறுவாழ்வு கொடுக்க முடிந்தது என்றால், அந்தப் பாணிகள் எங்கேயோ பத்திரமாக இருந்ததால்தான். எரித்த புடவையிலிருந்து வெள்ளியைத்தான் எடுக்க முடியும், பார்டர் டிசைனைத் திரும்ப எடுக்க முடியாது. நைந்த புடவையாக இருந்தாலும் வெட்டும் முன் முந்தி, பார்டர், உடல் மூன்றையும் பகல் வெளிச்சத்தில் நெருக்கமாகப் போட்டோ எடுத்து வையுங்க. முந்தியை முழுசாக ஒதுக்கிவிடுவது என் தனிப்பட்ட யோசனை. வீட்டில் இன்னொருவருக்கு அது வேண்டியிருக்கலாம். கேட்காமல் வெட்டினால் வரும் சண்டையை எந்தக் குஷனும் தாங்காது.

கைக்குழந்தைக்கு மட்டும் சரிகை கலந்த போர்வை வேண்டாம், தோலில் உரசும். வாஷிங் மெஷினிலும் போடக் கூடாது, ட்ரை க்ளீன் மட்டும். மடித்து வைக்கும்போது மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வையுங்க. புடவை கிழிந்ததே ஒரே மடிப்பில் கிடந்ததால்தானே.