உடலில் தங்கிய கதிர்

கீரிமலைக்கு அண்மையில், தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை இயங்குகிறது. புற்றுநோயைத் தீர்க்கும் கதிரே புற்றுநோயைத் தருமோ என்ற அச்சம் நோயாளரிடையே எழுவது இயல்பு. இவ்வச்சத்தை எடைபோட ஒரு வரலாறு உதவும்.

1904இல் ஆனந்த குமாரசுவாமி இலங்கையில் தோரியனைட்டு என்னும் கனிமத்தைக் கண்டறிந்தார். அதன் முக்கிய கூறு தோரியம் ஈரொட்சைட்டு. அதே சேர்மம் 1930களில், எக்ஸ்-கதிர்ப் படத்தில் குருதிக்குழாய்கள் தெளிவாகத் தெரியும்பொருட்டு, ‘தோரோட்ராஸ்ட்’ என்ற பெயரில் பல நாடுகளில் நோயாளருக்கு ஏற்றப்பட்டது. அது உடலைவிட்டு நீங்கவில்லை. ஈரலில் தங்கி ஆயுள் முழுவதும் அல்பாக் கதிரை வீசியது. பல பத்தாண்டுகளின் பின் ஈரற் புற்றுநோய் தோன்றியது.

அக்கட்டிகளை ஆராய்ந்த ஜப்பானிய அறிஞர்கள், புற்றுநோயைத் தடுக்கும் பி53 பரம்பரையலகில் மாற்றங்களைக் கண்டனர். அவற்றுட் பெரும்பாலானவை ஓரெழுத்து மாறிய சிறு பிழைகளே. ஆகவே கதிர் நேரே தாக்கியதைவிட, கலங்கள் ஓயாது மடிந்து மீண்டும் பெருகியதே இப்பிழைகளுக்குக் காரணமாகலாம் என அவர்கள் கருதினர்.

வெளியிலிருந்து செலுத்தப்படும் சிகிச்சைக் கதிர் உடலில் தங்குவதில்லை. அதனாலும் பிற்காலத்தில் சிறு ஆபத்து உண்டு. ஆனால் சிகிச்சையைக் கைவிடுவதால் விளையும் ஆபத்து அதனினும் பெரிது. அச்சத்தால் சிகிச்சையை இடைநிறுத்துவோர் இதனை உணர வேண்டும்.